அலமாரியில தூங்குற ஆடியோ சிடியை எழுப்புவது எப்படி?

உங்க வீட்டு அலமாரியில மார்க்கர்ல பேர் எழுதின சிடி ரெண்டு மூணாவது கண்டிப்பா இருக்கும். கல்யாண நாதஸ்வரம், கோயில் திருவிழா, கேசட்ல இருந்து மாத்தின பாட்டுன்னு ஏதாவது ஒண்ணு. கம்ப்யூட்டர்ல போட்டா டிரைவ் கொஞ்ச நேரம் உறுமும், அப்புறம் 'டிஸ்க்கைப் போடுங்க'ன்னு நம்மகிட்டயே கேட்கும். "சிடி போச்சுப்பா"ன்னு முடிவு கட்டிடுவோம். பல சமயம் சிடி நல்லாத்தான் இருக்கும். அந்த டிரைவுக்கும் அந்த சிடிக்கும்தான் ஒத்துப்போகாது. ஏன்னு பார்ப்போம்.

கடை சிடி வேற, நம்ம சிடி வேற

ஆடியோ சிடிக்கான விதிகளை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980ல எழுதினாங்க. 'ரெட் புக்'னு பேரு. கடையில வாங்குற சிடியில குட்டிக் குட்டிப் பள்ளங்களை அச்சடிச்சு, மேல அலுமினியம் பூசியிருப்பாங்க. நாம பதிவு பண்ற சிடி-ஆர்ல பள்ளமே கிடையாது. அதுல இருக்கிறது ஒரு சாயம். ரைட்டரோட லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி புள்ளியா மாத்தும். படிக்கிற லேசருக்கு அந்தப் புள்ளிகள் பள்ளம் மாதிரியே தெரியும். ஜப்பானோட டையோ யூடன் கம்பெனி 1988ல இதைக் கொண்டு வந்தது. அதாவது டிரைவை ஏமாத்துற வேலைதான். சில டிரைவ் ஏமாறாது, அங்கதான் பிரச்சனை.

டிரைவ் ஏன் திணறுது?

1. ஃபைனலைஸ் பண்ணாத சிடி. எந்தப் பாட்டு எங்க ஆரம்பிக்குதுங்கிற பொருளடக்கம் சிடியோட உள்பக்கத்துல இருக்கணும். ஃபைனலைஸ் பண்ணும்போதுதான் அது எழுதப்படும். அது இல்லன்னா சாதாரண பிளேயருக்கு அது காலி சிடி. ரைட்டர் டிரைவ் மட்டும் தற்காலிகக் குறிப்பைப் பார்த்து சில சமயம் படிச்சிடும்.

2. சிடி-ஆர்டபிள்யூ. அழிச்சு எழுதுற இந்த வகை, விழுற வெளிச்சத்துல 15 முதல் 25 சதவீதம்தான் திருப்பி அனுப்பும். கடை சிடி 70 சதவீதத்துக்கு மேல அனுப்பும். பழைய டிரைவுக்கு இந்த மங்கல் பத்தாது.

3. லேசர் நிறம். டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், சிடிக்கு 780. சிடி-ஆர் சாயம் 780க்குன்னே தயாரிச்சது. அதனாலதான் 780 லேசர் இல்லாத ஆரம்பகால டிவிடி பிளேயர்கள் கடை சிடியைப் பாடும், சிடி-ஆரைப் பாடாது. இன்னிக்கும் உங்க டிரைவ்ல டிவிடி ஓடி சிடி மட்டும் ஓடலன்னா, சிடிக்கான லேசர் பலவீனமாயிருக்கலாம். டிரைவை மாத்திப் பாருங்க.

4. எம்பி3 சிடி. இது ஆடியோ சிடியே இல்ல, டேட்டா சிடி. கம்ப்யூட்டர்ல ஓடும், பழைய சிடி பிளேயர்ல ஓடாது.

ஆடியோவுக்குப் பாதுகாப்பு கம்மி

80 நிமிஷ சிடியில ஒரு வினாடிக்கு 75 செக்டார். ஒவ்வொண்ணுலயும் 2352 பைட். ஆடியோன்னா அத்தனையும் பாட்டுக்கே போயிடும். டேட்டான்னா 2048 பைட்தான் நமக்கு, மீதியில பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. அதனால ஒரே மாதிரி கீறல் ஆடியோ சிடியை அதிகமா பாதிக்கும். பிளேயர் விட்டுப்போன இடத்தை ஊகிச்சு நிரப்பிப் பாடிடும். நாம கேட்டு "நல்லா இருக்கே"ன்னு நினைப்போம்.

இன்னொண்ணு: விண்டோஸ்ல சிடியைத் திறந்தா '.சிடிஏ'ன்னு பாட்டு வரிசை தெரியும். அதை பென்டிரைவ்ல போட்டு ஏமாந்தவங்க நிறைய பேர். ஒவ்வொண்ணும் வெறும் 44 பைட். பாட்டு எங்க இருக்குன்னு காட்டுற முகவரி மட்டும்தான், பாட்டு அதுல இல்ல.

மீட்கிற முறை

• மெல்லிய துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க. வட்டமா துடைக்காதீங்க.
• பேர் எழுதுற பக்கத்தை ரொம்ப ஜாக்கிரதையா பிடிங்க. சாயமும் கண்ணாடிப் பூச்சும் அந்தப் பக்கம் மெல்லிய வார்னிஷுக்கு அடியிலதான் இருக்கு. கீழ்ப்பக்கக் கீறலைப் பாலிஷ் பண்ணலாம், மேல்பக்கக் கீறலை ஒண்ணும் பண்ண முடியாது.
• சிடி டிரைவ் படிக்கலன்னா டிவிடி ரைட்டர்ல போடுங்க. ரெண்டு மூணு கம்பெனி டிரைவ்ல முயற்சி பண்ணுங்க.
• விண்டோஸ்ல 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', லினக்ஸ்ல 'சிடிபாரனோயா' பயன்படுத்துங்க. ரெண்டுமே சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சு ஒப்பிடும். வேகத்தைக் குறைச்சு வைங்க.
• முதல்ல வேவ் இல்லன்னா ஃபிளாக்கா எடுங்க. எம்பி3 அப்புறம் பண்ணிக்கலாம்.
• ஃபைனலைஸ் பண்ணாத சிடின்னா, படிக்க முடிஞ்சதை முதல்ல எடுத்துட்டு அப்புறம் ஃபைனலைஸ் பண்ணுங்க.

எங்க ஒடுகத்தூர் வீட்டுல தாத்தா பாடின தெருக்கூத்துப் பாட்டு ஒரு சிடியில இருந்தது. கேசட் எப்பவோ பூசணம் பிடிச்சுப் போச்சு, வேற பிரதி கிடையாது. ஜவ்வாது மலை அடிவாரம்னாலும் வேலூர் வெயில் எங்களுக்கும் உண்டு. இரும்பு பீரோவுல அத்தனை கோடையும் தாண்டின சிடி அது. லேப் கம்ப்யூட்டர் ரெண்டும் கைவிரிச்சது. பழைய டிவிடி ரைட்டர் ஒண்ணு படிச்சது. 11 பாட்டுல 9 சுத்தமா வந்தது. கடைசி ரெண்டும் திக்குது. சிடி உள்ளிருந்து வெளியேதான் ஓடும், சாயம் ஓரத்துல முதல்ல வெளுத்திருக்கு. அந்த ரெண்டு பாட்டு இனி அவ்வளவுதான்.

ஏன் இப்பவே?

சூடு, ஈரம், வெயில் மூணுமே அந்தச் சாயத்துக்கு எதிரி. நம்ம ஊர்ல மூணும் இருக்கு. டிரைவும் நமக்காகக் காத்திருக்காது. புது லேப்டாப்ல அது வர்றதே இல்ல. நொய்டாவுல இருந்து நாடு முழுக்க சிடி விற்ற மோசர் பேர், ஒரு காலத்துல உலகத்தோட பெரிய சிடி தயாரிப்பாளர்கள்ல ஒண்ணு. அந்தக் கம்பெனியையே 2018ல கலைக்கச் சொல்லி உத்தரவாயிடுச்சு.

அதனால அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப பையில ஒரு யுஎஸ்பி டிவிடி ரைட்டர் இருக்கட்டும். வீட்டுச் சிடியை எடுத்து முடிச்சதும் பக்கத்து வீட்டுலயும் கேளுங்க. எடுத்ததை ரெண்டு இடத்துல சேமிங்க. தாத்தா, பாட்டி குரலைத் திரும்பப் பதிவு பண்ண நமக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.