செவ்வழுகல் ஆராயப் போகும் பிள்ளைகளுக்கு

சிதம்பரத்தில் வேளாண்மை படித்துவிட்டுக் கடலூர்ப் பக்கம் கரும்பு ஆராய்ச்சிக்கு வரும் தம்பி தங்கைகளே, இந்தச் சேற்றில் வெகுகாலம் நின்றவன் சொல்கிறேன்.

1. முதலில் செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் கண்ட கரும்பைப் பிளந்து பாருங்கள். மூன்றாம், நான்காம் இலை மஞ்சளாகிக் காயும்போது வெட்டி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த கள் வாடை. அந்த வாடை பழகிய பிறகு ஆர்.என்.ஏ. எடுக்கலாம்.

2. கோ.க. 671 கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். பிழிதிறனுக்குப் பேர் போனது. நம் கடலோரத்தில் அதைச் செவ்வழுகல் வீழ்த்தியது. மகாராஷ்டிராவில் நெடுங்காலம் நின்றது. கரும்பைக் கரணை வைத்துத்தானே நடுகிறோம்? அங்கும் இங்கும் அதே மரபணுக்கள். வேறாக இருந்தவை மண், தண்ணீர், பூஞ்சை.

3. ஒற்றை மரபணுவைத் துரத்தாதீர்கள். கரும்புக்கு நூற்றுக்கு மேல் குரோமோசோம். ஒவ்வொரு மரபணுவுக்கும் பல படிகள். பூஞ்சை நுழைந்ததும் அதன் சுவரை அரிக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளும், பூஞ்சையைத் தடுக்கும் செந்நிறப் பொருள்களும் கிளம்பவேண்டும். தாங்கும் ரகத்தில் இவை நுழைந்த இடத்திலேயே விரைவாகக் கிளம்பும். தாங்காத ரகத்தில் பிந்தும். அதற்குள் பூஞ்சை அடுத்த கணுவைத் தாண்டியிருக்கும். சிதம்பரத்தில் தேர் பார்த்திருப்பீர்கள். வடத்தில் அத்தனை பேர் நின்றாலும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் அது நகரும். ஆகவே எந்த மரபணு எவ்வளவு என்பதோடு நிற்காமல், எது எதோடு சேர்ந்து ஏறுகிறது என்று மணிக்கணக்கு வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை. செடி சர்க்கரையை நொதிக்கவைத்து உயிர்பிடிக்க இன்னொரு மரபணுக் கூட்டத்தை எழுப்புகிறது. அந்த நேரத்தில் பூஞ்சையும் வந்தால் அதை எதிர்க்கும் முதல் கூட்டம் சேர்ந்து இழுக்குமா, கலையுமா? உங்கள் ஆய்வின் உயிர்க்கேள்வி இதுதான்.

4. மேட்டு வயல் மாதிரியையும் பள்ளத்து மாதிரியையும் கலந்து சராசரி போடாதீர்கள். தாங்கும் ரகத்தை மேட்டிலும் மற்றதைப் பள்ளத்திலும் நட்டு ஒரு பருவத்தையே இழந்தவன் நான். ரகத்தின் குணம் என்று எழுதியதில் எவ்வளவு தண்ணீரின் வேலை என்று பிரிக்கவே முடியவில்லை. இரண்டு ரகத்தையும் இரண்டு இடத்திலும் நடுங்கள்.

5. உங்கள் முடிவு வரும்வரை விவசாயி காத்திருக்க முடியாது. நோயில்லாத வயலின் விதைக்கரணை, நோய்கண்ட தூரை அன்றே தோண்டி எரிப்பது, அந்த வயலில் மறுதாம்பு விடாமல் நெல்லுக்கு மாறுவது: மாதிரி எடுக்கப் போகும்போதே இவற்றைச் சொல்லிவிட்டு வாருங்கள்.