வீடு தேடும் உயிர்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் உள்ள நடுகல் ஒன்று 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில் நாட்டப்பெற்றது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த வீரன் ஒருவனுக்கு எடுத்த கல் அது. வீரனுடைய உருவத்திற்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்லிலே எழுதி வைத்துள்ளனர். அரசர்க்கும் வள்ளல்களுக்கும் கல்லில் இடம் கிடைப்பது இயல்பு. ஒரு நாய்க்குப் பெயரோடு இடம் கிடைத்தமையே வியப்பு. அம்மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் இன்றும் நிலைத்து நிற்கின்றது.

அந்நிலப்பகுதியில் இக்காலத்து நாய்களின் நிலை வேறு. விழுப்புரம் இரயில் சந்திப்பின் நடைமேடை ஓரங்களிலும், திண்டிவனத்தில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் இடத்து உணவுக்கடைகளின் பின்புறத்திலும் பெயரில்லா நாய்கள் பல திரிகின்றன. அவை யாவும் தெருவிலேயே பிறந்தவை என்று எண்ணுதல் தவறு. அவற்றுள் வீட்டுத் திண்ணையில் பிறந்தனவும் உள. ஒரு வீட்டில் பெட்டை நாய் ஐந்தாறு குட்டிகளை ஈன்றால், ஆண் குட்டிகளைக் கேட்டு வாங்குவோர் உண்டு. பெண் குட்டிகளை வாங்குவார் அரியர். எஞ்சியவை ஒரு நாள் இருள் பிரியுமுன் சாக்கிலே கட்டப்பெற்றுச் சந்தைமேட்டிற்குச் செல்கின்றன. பூனைக்குட்டிகள் செல்லும் இடம் மீன்கடை. நாயின் சூற்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்து ஓராண்டு நிரம்புமுன்னரே பெட்டை நாய் கருவுறுதல் கூடும். ஆதலின், சந்தைமேட்டில் விடப்பட்ட ஒரு பெண் குட்டி அடுத்த ஆண்டில் ஒரு கூட்டத்திற்குத் தாயாகிவிடும்.

இக்கூட்டத்தைக் குறைக்கப் பண்டைய நகராட்சிகள் கண்ட வழி கொலை ஒன்றே. சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. 1995ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பது புளூ கிராஸ் சங்கத்தார் தரும் கணக்கு. 135 ஆண்டுகள் கொன்றும் நாய்கள் குறைந்தபாடில்லை! கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கும் அதன் எச்சில் சோற்றிற்கும் வேறொரு நாய் வந்து சேர்ந்தது, அவ்வளவே.

புளூ கிராஸ் தோன்றிய வரலாறு எளியது. வானூர்தி ஓட்டியாகிய கேப்டன் வி. சுந்தரம் என்பவர், 1959ஆம் ஆண்டின் பெருமழையில் சென்னைத் தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் கண்டு, அவற்றை எடுத்து வீட்டிற்குக் கொணர்ந்தார். அவரும் அவர் மனைவியார் உஷா அவர்களும் மக்களும் தொடங்கிய பணியே பின்னர்ப் பெருஞ்சங்கமாயிற்று. 1964ஆம் ஆண்டிலேயே அச்சங்கத்தார் நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து விடுவிக்கும் முறையை மேற்கொண்டனர். மாநகராட்சி கொலையைக் கைவிட்டு அம்முறையைத் தழுவ 1996ஆம் ஆண்டு வரை சென்றது. நல்ல செய்தி நகர மன்றத்தின் படியேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்க. அம்முறையே 2001இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் புதுக்கப்பெற்றன.

உரியவர் இல்லா விலங்குகளை ஏற்று, உணவும் மருந்தும் தந்து, தக்க இல்லம் கிடைக்கும் வரை வைத்துக் காக்கும் இடமே விலங்குக் காப்பகம். சென்னை வேளச்சேரியில் புளூ கிராஸ் நடத்துவது அவற்றுள் பெயர்பெற்றது. திண்டிவனம், விழுப்புரம் மக்களுக்கு அண்மையிலும் ஒன்று உண்டு. வானூர் வட்டத்தில் 1968இல் நிறுவப்பெற்ற ஆரோவில் நகரத்தில் நாய்களுக்கெனக் காப்பகம் ஒன்று அமைந்துள்ளது. காப்பகம் எத்துணைப் பெரிதாயினும் அதன் கூடுகள் எண்ணி முடியக்கூடியவையே. ஒரு நாய் வீடு சென்றால்தான் வாயிலில் காத்திருக்கும் அடுத்த நாய்க்கு இடம் உண்டு. வீடு செல்லும் நாய் ஒன்றாயினும் பிழைப்பவை இரண்டு.

திண்டிவனத்துச் சிறுவன் ஒருவன் நாய் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்கின்றான் என்று கொள்வோம். தந்தையார் கடைக்குச் சென்று, பனிநாட்டில் வளரும் சடைநாய்க்குட்டி ஒன்றைப் பல்லாயிரம் ரூபாய் ஈந்து வாங்க எண்ணுகின்றார். அக்கினி நட்சத்திர வெயிலில், ஓட்டு வீட்டில், அச்சடைநாய் படும் பாட்டை அவர் எண்ணினாரல்லர். காப்பகத்தில் இருக்கும் நாட்டு நாயோ குட்டை மயிரும் மெலிந்த உடலும் உடையது. இம்மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. எனவே, பாட்டியார் ஒருவரைத் தவிர வீட்டார் அனைவரும் காப்பகத்திற்கே செல்லலாம் என்று இசைகின்றனர். பாட்டியார் இசையாமைக்கும் காரணம் உண்டு: “அமாவாசைக்கு எல்லாரும் மேல்மலையனூர் போய்விட்டால் அதற்குச் சோறு போடுவது யார்?” என்பது அவர் வினா. காப்பகத்தாரும் முதலில் கேட்பது ஏறக்குறைய இதுவே. நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் சிறுவன் கல்லூரி முடித்து வேலைக்குச் சென்ற பின்னும் அந்நாய் அவ்வீட்டில் இருக்கும். அப்பாட்டியாருக்கு விடை கூறாதவர் நாயை அழைத்து வருதல் ஆகாது.

காப்பகத்தில் முதற்கண் ஓடி வந்து வாலாட்டும் குட்டியையே எவரும் கைநீட்டிக் கேட்பர். மூலையில் படுத்திருக்கும் நான்கு வயது நாயை எவரும் நோக்குவதில்லை. உண்மையில் வளர்ந்த நாயின் குணம் தெரிந்த குணம். குட்டியின் குணமோ இனித் தெரிய வேண்டுவது. எந்த நாய் குழந்தைகளோடு பழகும், எது இடிவெடி கேட்டால் நடுங்கும் என்பவற்றை நாள்தோறும் சோறிடும் பணியாளர் நன்கறிவர். அவரைக் கேட்டுத் தேர்தலே அறிவுடைமை. இயலுமாயின் இருமுறை சென்று பார்த்தல் நன்று. அடையாளச் சான்றும் இருப்பிடச் சான்றும் காட்ட வேண்டியிருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பெற்றதா, கருத்தடை செய்யப்பெற்றதா என்பவற்றைக் குறித்த அட்டையையும் கேட்டுப் பெறல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாத அளவில் முதன்முறையும், பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்திலும் போடப்பெறும். ஆண்டுதோறும் அதனைத் தவறவிடலாகாது.

வீட்டிற்கு வந்த நாய் முதல் மூன்று நாளும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம். உணவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அதனை இழுத்து வெளியே கொணர்தல் பிழை. உறவினரை அழைத்துக் காட்டுதலும் அந்நாளில் வேண்டா. குறித்த நேரத்தில் உணவும் நீரும் வைத்துவிட்டு அகன்றால், அது தானே வெளிவரும். சோற்றோடு முட்டையோ வேகவைத்த இறைச்சியோ சேர்க்கலாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு; ஆகவே சாம்பார் கலந்த மிச்சச் சோறு ஆகாது. திராட்சையும் சாக்கலேட்டும் அத்தகையனவே. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். பூனையின் இயல்பு சற்று வேறு. அஃது ஊனுண்ணும் உயிர். தயிர்ச்சோறு மட்டும் தந்து அதனை வளர்த்தல் இயலாது. புது வீட்டில் சில கிழமைகள் ஓர் அறைக்குள் வைத்துப் பழக்கிய பின்னரே வெளிவிடல் வேண்டும். இன்றேல் பழைய இடம் தேடி ஓடி, வழியிலே மடியும்.

விளையாட்டிலேனும் பல் பட்டுவிட்டால் மறைத்தல் கூடாது. சிறுவர் அடிக்கு அஞ்சி மறைப்பது உண்டு. அம்மறைவினால் உயிர் போதலும் உண்டு. வெறிநோய்க் குறிகள் வெளிப்பட்ட பின் பிழைத்தவர் மிகமிக அரியர். பல் பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணிநேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்புதல் அறியாமை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், தெருநாயை ஏற்று வளர்க்க விரும்புவோர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், ஏற்ற நாய் மீண்டும் தெருவிற்கு வாராமல் காத்தல் அவர் பொறுப்பு என்றும் கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் ஆணையோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைக் காப்பகங்களுக்கு அகற்றுமாறு பணித்தது. நாய்களை அகற்றுவது ஒரு நாள் வேலை; அவற்றுக்குக் கூடு அமைத்து நாள்தோறும் சோறிடுவது அன்று.

இனி, எத்துணை முயன்றும் ஒரு நாய் ஒரு வீட்டிற்கு ஒத்துவாராமற் போதல் உண்டு. குழந்தைக்கு மூச்சிரைப்பு வரலாம். வாடகை வீட்டார் இசைய மறுக்கலாம். அந்நிலையில் நாயைக் காப்பகத்திடமே திரும்ப ஒப்படைத்தல் நாணத்தக்க செயல் அன்று. விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வருந்துமாறு கைவிடுதல் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். நாடாளுமன்ற மேலவையில் உருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய முயற்சியின் பயன் அச்சட்டம். ஆயினும் முதற்குற்றத்திற்கு அது விதித்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் இருந்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. இக்காலத்தில் திண்டிவனம் நெடுஞ்சாலையில் இருவர் தேநீர் அருந்தும் விலை. இரவில் புறவழிச்சாலையில் வண்டியை நிறுத்தி நாயை இறக்கிவிட்டுச் செல்பவர், அவ்விலையை எண்ணி அஞ்சுவாரல்லர். அந்நாயோ விடியுமளவும் அவ்விடத்திலேயே நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியையும் தன் வீட்டு வண்டி என்று எண்ணிச் சிறிது தொலைவு பின்னே ஓடும்.