சுரஞானம்: சொல்லும் பொருளும்

சுரஞானம் என்னுந் தொடர் பலராலும் எளிதின் வழங்கப்படுகின்றது. பொருள் தெளியாது வழங்குதலால் விளையுங் கேடு சிறிதன்று. நாட்றம்பள்ளியில் எம்பால் தேவாரப்பண் பயில வந்த சிறுவனொருவனை, ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைத் தனியே ஒலித்து, ‘இஃது எத்தனையாங் கட்டை?’ என வினாவினேம். அவன் விடைகூறாது விழித்தான். ‘இவனுக்குச் சுரஞானம் இல்லை’ என முடிவுசெய்து விடுத்தேம். அம்முடிபு பிழையென்பது பின்னரே புலனாயிற்று.

சுருதி என்பது கேட்கப்படுவது எனப் பொருள்படும் வடசொல். அது வேதத்தையுங் குறிக்கும். இசையில், பாடுவோர் பற்றுக்கோடாகக் கொள்ளும் ஆதாரவொலியையும், சுரங்களை அளக்கும் அலகையுங் குறிக்கும். குரல் முதலிய ஏழிசைக்கும் அலகு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 ஆக 22 என்ப.

மேனாட்டிசையில் ஒலிகள் நிலைத்த அளவுடையன. 1939-ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டில், ‘ஏ’ என்னுஞ் சுரத்திற்கு நொடிக்கு 440 அதிர்வென வரையறுத்தனர். ஆண்டு, தனியொலியைத் துணையின்றிக் கேட்டதுணையானே பெயர்கூறுதல் ஓர் ஆற்றலாகக் கொள்ளப்படும். அஃது அங்கும் அரியதே.

நம்மிசையிலோ, பாடுவோர் தங்குரற்கேற்ற ஒலியையே ஆதாரமாகக் கொள்வர். ஒரு கட்டையிற் பாடுவார்க்கு அவ்வொலியே சட்சம். ஐந்து கட்டையிற் பாடுவார்க்கு அதுவே சட்சம். பண்டையோர் பாலைத்திரிபும் இதனையே வலியுறுத்தும். குரல் குரலாக நிற்பின் செம்பாலை. துத்தங் குரலாயின் படுமலைப்பாலை. கைக்கிளை குரலாயின் செவ்வழிப்பாலை. நரம்புகள் மாறவில்லை, முதலாகக் கொள்வது மாறவே ஏனைய நரம்புகளின் பெயரும் பண்ணும் மாறின. ஆகவே, ஆதாரத்தோடு ஒவ்வோரொலியும் நிற்கும் முறையை அறிதலே சுரஞானம் என்க.

அஃதேல், தனியொலியறிவு பயனின்றோ எனின், அன்று. உடையார்க்கு அஃதோர் அணியே. ஆயினும், அதனையுடையாருட் சிலர் ஆதாரம் மாறியவழி இடர்ப்படுதலும் உண்டு. இல்லாமை குறையாகாது.

இதனைத் தெளிந்தபின் அச்சிறுவனை மீண்டும் அழைப்பித்தேம். தம்புருவை மீட்டிச் சட்சத்தை நிறுத்தி, ‘பஞ்சமத்தைக் காட்டுக’ என்றேம். பிழையாது காட்டினான். ஆதாரத்தை இரண்டு கட்டை உயர்த்தினேம், அப்பொழுதும் பிழைத்திலன். இல்லாதிருந்தது அவன்பாற் சுரஞானம் அன்று. எம்பால் அச்சொற்குரிய பொருளே. ஆசிரியராவார் ஆதாரவொலியை முன்னர்க் கொடுத்துப் பின்னரே மாணவரை வினாவுக.