2 மில்லிமீட்டர் விரிசல் படத்தில் தெரியுமா?

மாணவர்களே, பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு எஞ்சுபவை படங்களே. அவற்றில் நுணுக்கம் இருந்தால்தான் பிற்காலத்தில் ஆராய முடியும். அதற்கு எத்தகைய கேமரா வேண்டும்?

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டையை எடுத்துக்கொள்வோம். தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததால் அது முற்றுப்பெறாமல் நின்றது. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பும் கலந்த அதன் செங்கல் சுவரில், 12 மீட்டர் அகலத்தைப் படமெடுப்பதாகக் கொள்வோம்.

12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்தின் அகலம் ஏறத்தாழ 4,000 பிக்சல்.

12,000 மி.மீ. ÷ 4,000 = 3 மி.மீ.

அதாவது, ஒரு பிக்சல் சுவரில் 3 மி.மீ. அகலத்தைக் காட்டும். 2 மி.மீ. விரிசல் தெளிவாகப் பதியாது. ஃபுஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் என்ற மீடியம் ஃபார்மேட் கேமராவின் படமோ 11,648 பிக்சல் அகலமுடையது. அதில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. விரிசல் தெரிந்துவிடும்.

காரணம் என்ன?

ஒளியைப் பதிவுசெய்யும் பகுதி உணரி. ஃபுல் ஃபிரேம் கேமராவின் உணரி 36 × 24 = 864 ச.மி.மீ. ஜிஎஃப்எக்ஸ் உணரி 43.8 × 32.9 = ஏறத்தாழ 1,441 ச.மி.மீ. இது 1.67 மடங்கு பெரியது. பரப்பு கூடினால், பிக்சலின் அளவைக் குறைக்காமலேயே எண்ணிக்கையைக் கூட்டலாம்.

பயன்படுத்தும் முறை

• சிறு அசைவும் படத்தைக் கெடுக்கும். முக்காலியில் பொருத்தி, ஐஎஸ்ஓ 100 வைத்து, டைமரில் எடுங்கள்.

• பெரிய உணரியில் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைவு. எனவே எஃப்8 அல்லது எஃப்11 துளையளவு நல்லது. துளையை மிகவும் சுருக்கினால் ஒளி விளிம்பு விலகலால் படம் மங்கும்.

• கேமராவைச் சுவருக்கு நேர் இணையாக வையுங்கள். அளவுகோல் ஒன்றும் படத்தில் இருக்கட்டும்.

வாங்கத்தான் வேண்டுமா?

இக்கேமராக்கள் விலை மிக்கவை. வேகமாக ஓடும் விளையாட்டைப் படமெடுக்க இவை ஏற்றவையும் அல்ல. அசையாத சுவருக்குக் கைப்பேசியே போதும். ஒரு படத்தில் 4 மீட்டர் அடங்குமாறு நின்று, பக்கவாட்டில் நகர்ந்து நான்கு படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தைய படத்துடன் மூன்றில் ஒரு பங்கு மேற்படியட்டும். கணினியில் இணைத்தால் ஏறத்தாழ 12,000 பிக்சல் அகலப் படம் கிடைக்கும்.

உங்கள் ஊர்ப் பழைய லயன் வீட்டை இம்முறையில் பதிவுசெய்யுங்கள். இடம், தேதி, சுவரின் நீளம் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள்.