வெண்சாயத்தினின்று தப்பிய வீடு

நம் நாட்டில் துரைமார் உறைந்த வீட்டைப் பங்களா என்று வழங்கினர். வங்காளக் குடிலினின்று பிறந்த அப்பெயர் கடல் கடந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் எளிய மரவீடுகளுக்கு உரியதாயிற்று. அவற்றின் கொள்கையைப் பரப்பியது குஸ்தாவ் ஸ்டிக்லி 1901-இல் தொடங்கிய ‘கிராஃப்ட்ஸ்மன்’ என்னும் பத்திரிகை. கைவினைஞன் என்பது அதன் பொருள். இயந்திரம் வார்த்த போலி அலங்காரம் வேண்டா; மரத்தின் வரியும் தச்சனின் பொருத்தும் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்பதே அக்கொள்கை.

பாசடீனா நகரில் 1908-இல் கட்டத் தொடங்கிய காம்பிள் வீடு இம்முறையின் சிகரமாகும். சமைத்தோர் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்னும் சகோதரர். இளமையில் தொழிற்பள்ளியில் தச்சு பயின்றவர்கள். குளிர்நாட்டுச் செல்வர் பனிக்காலத்தைக் கழிக்க நாடிய ஊர் பாசடீனா. சவர்க்காரத் தொழிலிற் பொருளீட்டிய டேவிட் காம்பிளும் அவ்வாறே வந்தார். ஆதலின் அவ்வூர் வளர்ந்த வரலாற்றுக்கு இவ்வீடு ஒரு சான்று. நீண்ட இறவாரங்கள் வெயிலைத் தடுக்கும். திறந்த மாடங்களிலே இரவில் உறங்கலாம். உள்ளே பர்மாத் தேக்கும் மகோகனியும் கூர்விளிம்பின்றி இழைக்கப்பட்டுள்ளன. கருங்காலி முளைகள் சிலவற்றின் கீழே இரும்புத் திருகாணிகள் ஒளிந்திருத்தலும் உண்டு. மறைத்தலை வெறுத்த கொள்கைக்கு இது சிறிது முரணே! எளியார்க்கென எழுந்த முறை செல்வர் மாளிகையிலே முழுமை பெற்றதும் அத்தகையதே.

பின்னர் நாகரிகம் மாறிற்று. 1916-இல் பத்திரிகையும் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மகன் ஸெஸிலும் அவர் மனைவி லூயிஸும் வீட்டை விற்க எண்ணினர். வாங்க வந்தோர், உள்மரம் முழுவதும் வெண்சாயம் பூசுவதைப் பற்றிப் பேசினர். கேட்டவர்கள் விற்கும் எண்ணத்தையே கைவிட்டனர்! 1966-இல் குடும்பத்தார், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு செய்த உடன்படிக்கையின்படி, வீட்டை நகருக்கு வழங்கினர். 1977-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

அச்சகோதரர் அதே ஊரில் 1907-இல் அமைத்த பிளாக்கர் வீட்டுக்கோ அத்தகைய காவலர் வாய்த்திலர். 1985-இல் அதனை வாங்கியவர் விளக்குகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் கழற்றி விற்கத் தொடங்கினார். ஊரார் கொதித்தெழுந்தனர், அதன் பின்னரே, கிரீன் சகோதரர் வீடுகளின் உறுப்புக்களை அகற்றாதவாறு நகரசபை சட்டம் செய்தது. பின்வந்த உரிமையாளர், போன விளக்குகளுக்கு ஈடாக அவற்றைப் போலவே புதியன செய்வித்து மாட்டினர்.