திரும்பி வராத வால்மீன்

நுழையும்முன்

தொடர்வண்டிக்குக் கால அட்டவணை உண்டு. வால்மீன்கள் சிலவற்றிற்கும் அதுபோன்ற அட்டவணையை வானியலாளர் கணித்துள்ளனர். வரவேண்டிய வால்மீன் ஒன்று வராமற்போனால் அதனை எங்கே தேடுவது? 1872ஆம் ஆண்டில் அத்தகைய தேடல் ஒன்று சென்னை வானாய்வகத்தில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

காலமுறை வால்மீன்

வால்மீன் என்பது பனிக்கட்டியும் தூசியும் கலந்த சிறிய வான்பொருள். அது கதிரவனை நெருங்கும்போது பனி ஆவியாகித் தூசியுடன் வெளியேறுகிறது. அதுவே தலையாகவும் வாலாகவும் ஒளிர்கிறது. நீள்வட்டப் பாதையில் சுற்றி, இருநூறு ஆண்டுகளுக்குள் மீண்டும் வருபவை காலமுறை வால்மீன்கள் எனப்படும். ஹாலி வால்மீன் ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. என்கே வால்மீன் 3.3 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது.

இரண்டாகப் பிளந்த வால்மீன்

1826ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படை அதிகாரி வில்லெம் ஃபான் பீலா ஒரு வால்மீனைக் கண்டார். அதன் பாதையைக் கணித்தபோது, 1772இலும் 1805இலும் தோன்றிய வால்மீனே அது எனத் தெரியவந்தது. அதன் சுற்றுக்காலம் சற்றேறக்குறைய 6.6 ஆண்டுகள். கணித்தவாறே அது 1832இல் திரும்பி வந்தது.

1846ஆம் ஆண்டு சனவரியில் வியப்பான காட்சி ஒன்று தென்பட்டது. ஒரு வால்மீன் இரண்டாகி, இரண்டும் அருகருகே சென்றன. ஒருமுறை ஒன்றும் மறுமுறை மற்றொன்றும் மிகுதியாக ஒளிர்ந்தன. 1852இல் அவ்விரண்டும் மேலும் விலகிய நிலையில் காணப்பட்டன. அதன்பின் அவற்றைக் கண்டவர் இலர். 1866இல் நன்கு தெரிந்திருக்கவேண்டிய வால்மீனை வானியலாளர் எவ்வளவு தேடியும் காணவில்லை.

சென்னைக்கு வந்த தந்தி

1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. அன்று புவி, பீலா வால்மீனின் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. எரிமீன்கள் ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்தன. அவற்றுடன் வால்மீனும் புவியைக் கடந்து சென்றிருந்தால், அது நேர் எதிர்த்திசையில் தென்படவேண்டும் எனச் செருமனியின் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் எண்ணினார். அத்திசையில் உள்ளது, தென்வானின் சென்டாரஸ் விண்மீன் குழு.

கோட்டிங்கனிலிருந்து நோக்கினால் அப்பகுதி அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். நிலநடுக்கோட்டிற்கு 13 பாகை வடக்கே உள்ள சென்னையிலோ அது 41 பாகை உயரம்வரை ஏறும். ஆகவே கிளிங்கர்ஃபூஸ் நவம்பர் 30 அன்று சென்னை வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி அனுப்பினார். பீலா புவியைத் தொட்டுச் சென்றதாகவும், சென்டாரஸ் அருகே தேடுமாறும் அதில் குறிப்பிட்டார்.

அது வடகிழக்குப் பருவமழைக்காலம். முதல் முயற்சியை மேகம் தடுத்தது. எனினும் டிசம்பர்த் தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் மேகத்தின் இடைவெளியில் வட்டவடிவ வால்மீன் ஒன்றைப் போக்சன் கண்டார். மறுநாள் விடியலில் அதற்குச் சிறு வாலும் தெரிந்தது. இரு நாள்களிலும் அதன் இடத்தை அளந்து குறித்தார். பின்னர் வானம் மூடிக்கொண்டது. வால்மீன் மீண்டும் அகப்படவில்லை.

மூன்றாம் நாளின் அருமை

ஒரு சுற்றுப்பாதையை முழுமையாகக் கூற ஆறு அளவுகள் வேண்டும். ஒருமுறை நோக்கினால் வான்பொருள் எத்திசையில் உள்ளது என்பதைக் குறிக்கும் இரண்டு அளவுகளே கிடைக்கும். எனவே குறைந்தது மூன்று நோக்கல்கள் தேவை. போக்சனுக்குக் கிட்டியவை இரண்டே! மூன்றாம் விடியலில் வானம் திறந்திருந்தால் அவ்வால்மீனின் பாதை உறுதியாகியிருக்கும்.

பின்னர் ஆராய்ந்தவர்கள், போக்சன் கண்ட இடங்கள் பீலாவின் பாதையுடன் பொருந்தவில்லை எனக் கண்டனர். அது தற்செயலாக அங்கே தென்பட்ட வேறொரு வால்மீனே எனக் கருதினர். அவ்வாறு ஆராய உதவியவை போக்சனின் குறிப்புகளே. கண்டதைக் கண்டவாறு, நேரத்துடனும் இடத்துடனும் எழுதிவைத்ததால்தான் பிற்காலத்தவர் அதனைச் சரிபார்க்க முடிந்தது. பீலா வால்மீன் சிதைந்து தூசியாயிற்று என்பதே இன்றைய கருத்து. 1885 நவம்பரில் அதே எரிமீன் மழை மீண்டும் பெய்தது.

ஒளியை அளக்கும் முறை

வானியலாளர் வால்மீனின் ஒளியையும் அளப்பர். அதற்கான அளவுகோலை 1856இல் வகுத்தவரும் போக்சனே. அதனை ஒளித்தரம் என்பர். இதில் எண் சிறியதாயின் ஒளி மிகுதி. ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும்; ஒரு தரம் வேறுபட்டால் ஏறத்தாழ 2.5 மடங்கு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார்.

கோள்கள் கதிரவனின் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வால்மீனோ கதிரவனை நெருங்க நெருங்க மேலும் மேலும் ஆவியை வெளியிடுகிறது. ஆகையால் தொலைவை மட்டும் கொண்டு எதிர்பார்க்கும் அளவைவிட அதன் ஒளி விரைந்து பெருகும். பனி எவ்வளவு ஆவியாகும் என்பதை முன்கூட்டியே அறிதல் அரிது. எனவே வால்மீன் வரும் நாளைத் துல்லியமாகக் கூறலாம். அதன் ஒளியை அவ்வாறு கூற இயலாது.

மும்பையில் வால்மீன் நோக்கல்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தெருவிளக்குகளின் ஒளி மங்கலான வால்மீனை மறைத்துவிடும். ஆயினும் ஒளிமிக்க வால்மீன் வரும்போது இருகண் நோக்கி வழியே அதனைக் காணலாம். அருகிலுள்ள விண்மீன்களின் உருவம் பரந்து மங்குமாறு கருவியைத் திருப்பி, வால்மீனின் ஒளியோடு ஒப்பிட்டு அதன் தரத்தை மதிப்பிடலாம். நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்தல் இன்றியமையாதது. ஹாலி வால்மீன் 2061இல் மீண்டும் வரும். அப்போது இன்றைய மாணவர் நடுவயதினராக இருப்பர்.

சொல்லும் பொருளும்

எரிமீன் – புவியின் காற்றில் நுழைந்து எரியும் வான்துகள்
நோக்கல் – உற்றுக் கண்டு அளத்தல்
பாகை – கோணத்தின் அளவு
அரிது – கடினம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பீலா வால்மீன் இறுதியாகக் காணப்பட்ட ஆண்டு ______.
2. ஒளித்தர அளவுகோலை வகுத்தவர் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தி அனுப்பியது ஏன்?
2. எட்டாம் தரத்தில் இருந்த வால்மீன் மூன்றாம் தரத்தை அடைந்தால் அதன் ஒளி எத்தனை மடங்கு பெருகும்?

இ. செய்து காண்க.
தாளில் இரண்டு புள்ளிகளை இடுக. அவற்றின் வழியே செல்லும் வட்டங்கள் எத்தனை வரையலாம்? அவ்விரண்டோடு ஒரே கோட்டில் அமையாத மூன்றாம் புள்ளி ஒன்றையும் இட்டு வரைந்து பார்க்க. இதனைப் போக்சனின் நிலையோடு ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
போக்சன் தேடிய வால்மீன் அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவருடைய உழைப்பு வீணாயிற்று எனக் கூறலாமா?