பழைய ஓட்டோ வாங்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்



பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கைக்கு வரும் சேமலாப நிதி, உழைத்த காலத்துக்கெல்லாம் ஒரே தடவை வரும் பணம். அதில் பிள்ளைக்கு ஓர் ஓட்டோ வாங்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவசரப்பட்டால் வண்டியும் போகும், பணமும் போகும்.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு, கிழக்குக்குப் போய்க் குடியேறிய சொந்தங்கள் நமக்கு உண்டு. அப்படித் திருகோணமலை பாலையூற்றில் இருக்கும் உறவினர் மூலம் ஒரு தோட்டத்துக் குடும்பம் ஓட்டோ வாங்கியது. "லீசிங் எல்லாம் கட்டி முடிச்சாச்சு அண்ணன், ஓபன் பேப்பரில தாறன்" என்றார் விற்றவர். விலையும் குறைவு. நான்காம் மாதம் லீசிங் கம்பெனி ஆட்கள் வந்து வண்டியைக் கொண்டு போனார்கள். விற்றவரைத் தேடிப் போனால் வீட்டில் ஆளில்லை. "பத்திரத்த ஒரு தடவ பாத்திருக்கலாமே" என்று அந்த அம்மா அழுதார். நாமும் பார்க்கப் பழகுவோம்.

1. சீ.ஆர். புத்தகம்: அசலைப் பாருங்கள், போட்டோ பிரதி போதாது. அதிலுள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்கள் வண்டியில் அடித்துள்ள இலக்கங்களோடு ஒத்திருக்க வேண்டும். சுரண்டிய தடம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2. லீசிங்: பதிவில் கம்பெனியின் பெயரும் இருந்தால், அது நீக்கப்படும்வரை வண்டி முழுதாக விற்பவருடையதல்ல. அவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக் கிளைக்கே போய்ப் பாக்கியைக் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் வாகன இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி விபரம் பார்க்கலாம்.

3. விற்பவர்: தனி ஆள் என்றால் அடையாள அட்டையும் சீ.ஆர். பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வாகனம் விற்கும் கடை என்றால் வண்டி பெரும்பாலும் வேறொருவர் பெயரில் இருக்கும். அவர் கையொப்பமிட்ட மாற்றுப் படிவமும் கடையின் பற்றுச்சீட்டும் கேளுங்கள். வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கைமாறுவதுதான் ஓபன் பேப்பர். அதோடு நின்றால் வண்டி என்றைக்கும் உங்கள் பெயருக்கு வராது.

4. வண்டி: தெரிந்த மெக்கானிக்கோடு பகலில் பாருங்கள். துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடிக்கும். புதுப் பெயின்ற் அதை மறைக்கும். சீற்றுக்கு அடியில் சேறு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. அங்கே சமதரையில் ஓடியது, நம் மலையில் ஏறுமா? கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை மாதிரி மேட்டில் ஆட்களை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

5. பணம்: சிறு முற்பணம் கொடுத்து எழுதி வாங்குங்கள். மீதியைப் படிவங்களில் கையொப்பமிடும் நாளில் வங்கி மூலம் கொடுங்கள். 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். காப்புறுதி, புகைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் செல்லுபடியானவையா என்றும் பாருங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை மிகவும் ஏறியது. ஆகவே ஒருவர் மிக மலிவாகத் தருகிறார் என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோவுக்காகத் தராசை உற்றுப் பார்க்கிறோம். ஆயுள் உழைப்பைக் கொடுக்கும்போது பத்திரத்தையும் அப்படியே பார்ப்போம். எழுத்துப் புரியாவிட்டால் படித்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கேட்பதில் வெட்கமில்லை.